வங்கமொழி பயின்ற துருக்கியத் தலைவர்

வேதியியல் கூடத்தில் குடுவையும் குழாயுமாகக் காலங்கழிக்கிற ஒருவனுக்குத் துருக்கி நாட்டு அரசியலில் என்ன வேலை என்று மன்றத்து நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்பது முறையே. என்னோடு ஒரே மேசையில் ஆய்வு செய்யும் வங்காளத் தோழர் ஒருவர், ஒரு நாள் பேச்சுவாக்கில், தாகூரை அவருடைய மொழியிலேயே படிக்கவேண்டும் என்பதற்காக வங்கமொழி கற்ற துருக்கியப் பிரதமர் ஒருவர் இருந்தார் என்று சொன்னார். அந்த ஒரு சொல் என்னை நூலகத்துக்கு அனுப்பியது. படிக்கப் படிக்க, அது வங்காளிகள் பெருமைப்பட்டுக்கொள்வதற்கான செய்தி மட்டுமன்று, நம்மைப் போன்ற மாணவர்களுக்குச் சற்றுத் தொல்லை தரும் செய்தி என்பதும் விளங்கிற்று. ஏனெனில், கிரேக்கரும் துருக்கியரும் உடன்பிறந்தார் என்று இருபத்திரண்டாம் வயதில் பாடிய அந்த மனிதர், நாற்பத்தொன்பதாம் வயதில் கிரேக்கர் மிகுதியாக வாழும் ஒரு தீவின்மீது படையை அனுப்பினார். பாடியவரும் அவரே, படை அனுப்பியவரும் அவரே.

அவர் பெயர் புலென்ட் எஜெவிட். 1925-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் இஸ்தான்புல் நகரில் பிறந்தார். தந்தை சட்ட மருத்துவப் பேராசிரியர். பின்னர்ப் பாராளுமன்ற உறுப்பினருமானார். தாய் ஓவியர். துருக்கிக் குடியரசு அமைந்து அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1928-இல் அதாதுர்க் அரபு எழுத்தை நீக்கி இலத்தீன் எழுத்தைக் கொண்டுவந்தார். ஆகவே, பள்ளியில் காலடி வைத்த நாள் முதலே புதிய எழுத்தில் படித்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் எஜெவிட்.

எழுத்தோடு சொற்களும் மாறின. 1932-இல் மொழிக்கழகம் ஒன்று நிறுவப்பட்டு, அரபுச் சொற்களுக்கும் பாரசீகச் சொற்களுக்கும் மாற்றாகத் துருக்கிய வேரிலிருந்து புதுச் சொற்கள் ஆக்கப்பட்டன. தனித்தமிழ் பற்றி இரவெல்லாம் விடுதியில் வழக்காடும் நம் நண்பர்களுக்கு இது சுவையான பாடம். ‘வாய்ப்பு’ என்ற பொருளில் பழைய சொல் ‘இம்க்கான்’. புதிய சொல் ‘ஓலனாக்’. 1970-களில் ஒருவர் இவற்றுள் எதைச் சொல்கிறார் என்பதைக் கொண்டே அவர் வலதுசாரியா இடதுசாரியா என்று கணித்துவிடலாமாம்! எஜெவிட் புதுச் சொற்களின் பக்கம். மேடையிலும் அவற்றையே பேசி மக்கள் வாயில் வழங்கச் செய்தவர்களில் அவர் முன்னணியில் நின்றார்.

இஸ்தான்புல்லில் அமெரிக்கர் நிறுவிய இராபர்ட் கல்லூரியில் அவர் பயின்றார். அங்கே ஆங்கிலத்தின் வழியாகத் தாகூர் அவர் கைக்கு வந்தார். 1941-இல் கீதாஞ்சலியின் துருக்கிய மொழிபெயர்ப்பு வெளிவந்தது. மொழிபெயர்த்தவருக்கு வயது பதினாறு! தாகூர் மறைந்ததும் அதே 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். உலகம் நோபல் பரிசு கொடுத்துப் போற்றிய ஆங்கிலக் கீதாஞ்சலியே ஒரு மொழிபெயர்ப்பு. தாகூர் தம் வங்கப் பாடல்களைத் தாமே ஆங்கில உரைநடையில் ஆக்கியது அது. அதிலுள்ள 103 பாடல்களில் ஏறத்தாழப் பாதிதான் வங்கக் கீதாஞ்சலியிலிருந்து வந்தவை. மற்றவை வேறு தொகுதிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆக, எஜெவிட் ஆக்கியது நிழலின் நிழல். அது அவருக்கே தெரிந்திருந்தது என்பதற்கு அடுத்து அவர் செய்த செயலே சான்று. 1946-இல் இலண்டனில் துருக்கித் தூதரகத்தின் செய்தித்துறையில் வேலை கிடைத்தது. பகலில் அலுவல், அதோடு இலண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைநாட்டியல் பள்ளியில் வங்கமும் வடமொழியும் கற்கச் சேர்ந்தார். பட்டம் பெறும்வரை படிக்கவில்லை. ஆனால் மூலத்தைத் தேடிப்போனார். நம்மில் எத்தனை பேர், மொழிபெயர்ப்பில் படித்து மனம் பறிகொடுத்த ஒரு நூலுக்காக அதன் மொழியைக் கற்கப் புறப்பட்டிருக்கிறோம்? நான் கீதாஞ்சலியை இன்னும் ஆங்கிலத்தில்தான் படிக்கிறேன். வங்காளத் தோழரோ அடுத்த மேசையில்தான் இருக்கிறார்.

இலண்டனில்தான், 1947-இல், அவருடைய புகழ்பெற்ற ‘துருக்கிய-கிரேக்கக் கவிதை’ பிறந்தது. அதன் அருமை விளங்க முன்கதை வேண்டும். 1919 முதல் 1922 வரை துருக்கியரும் கிரேக்கரும் கொடிய போர் செய்தனர். 1923-இல் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்து மக்களையே மாற்றிக்கொண்டன. போரின்போது ஓடியவர்களையும் சேர்த்துப் பன்னிரண்டு இலட்சம் கிரேக்கக் கிறித்தவர்கள் துருக்கியை விட்டுப் போயினர். ஏறத்தாழ நான்கு இலட்சம் முஸ்லிம்கள் கிரேக்கத்தை விட்டு வந்தனர். இஸ்தான்புல் கிரேக்கர்க்கு விலக்கு இருந்தது. எனவே எஜெவிட் வளர்ந்த நகரில் கிரேக்கர் அண்டை வீட்டார். வரலாற்று நூலிலோ பகைவர். அப்படிப்பட்ட சூழலில் வளர்ந்த இளைஞர், அயல்நாட்டில் ஊர் நினைவு வந்து வாட்டும்போதுதான் கிரேக்கன் தனக்கு உடன்பிறப்பு என்று தெரிகிறது என்னும் கருத்தைப் பாடினார். ஒரே நீல கடல், ஒரே வெயில், ஒரே வகைப் பாட்டு. பகையும் அந்த உறவிலிருந்தே முளைத்தது என்பது பாட்டின் உட்கிடக்கை.

இந்தக் கருத்து நமக்கு விளங்காததன்று. ஊரில் இருந்தவரை கன்னடத்தாரைப் பற்றிய நம் நினைப்பெல்லாம் ஆற்று நீரோடு முடிந்துவிடும். இங்கே, வடபுலத்து விடுதியின் உணவறையில், ஆறு நாள் ரொட்டிக்குப் பிறகு ஏழாம் நாள் சோறும் சாம்பாரும் வரும்போது, எதிர்வரிசையில் இருக்கும் கன்னட நண்பனும் நாமும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறோம். அந்தச் சிரிப்பைத்தான் எஜெவிட் கவிதையாக்கினார்.

1950-இல் நாடு திரும்பி, மக்கள் குடியரசுக் கட்சியின் செய்தித்தாளாகிய ‘உலுஸ்’ இதழில் எழுதினார். இடையில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒரு செய்தித்தாளில் சில காலம் பணியாற்ற வாய்ப்பு வந்தது. விடைபெறும்போது, 1955 தொடக்கத்தில், விருந்தளித்தவர்களுக்கு அவர் எழுதிக்கொடுத்த நன்றியுரை வழக்கமான நன்றியுரையாக இல்லை. ஒரே போர்முனையில் ஒரே நோக்கத்துக்காக உடன் நின்று போரிட்ட கறுப்பரோடு ஒரே குழாயில் தண்ணீர் குடிக்க மறுக்கிறீர்களே என்று வெள்ளையரைக் கேட்டார். வட கரோலினாவில் அந்த ஆண்டில் அப்படி எழுதுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். 1957-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கிசிங்கர் நடத்திய கருத்தரங்கில் கலந்துகொண்டார். இந்தக் கிசிங்கர் பின்னால் மீண்டும் வருவார். அதே ஆண்டு பாராளுமன்ற உறுப்பினரானார்.

1961 முதல் 1965 வரை தொழிலாளர் அமைச்சர். என் எண்ணத்தில், அவர் வாழ்க்கையிலேயே ஐயத்துக்கு இடமில்லாத நற்செயல் இந்தக் காலத்தில்தான் நடந்தது. 1961-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு வேலைநிறுத்த உரிமையை ஏட்டில் தந்திருந்தது. அதை நடைமுறையாக்கும் சட்டம் இல்லை. 1963 தொடக்கத்தில் இஸ்தான்புல்லில் கவெல் என்னும் மின்கம்பித் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் சட்டத்துக்குக் காத்திராமல் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டு ஜூலையில் தொழிற்சங்கச் சட்டமும், கூட்டுப் பேரம், வேலைநிறுத்தம் பற்றிய சட்டமும் நிறைவேறின. கவெல் தொழிலாளர் தண்டனை பெறாதபடி ஒரு விதியும் அதில் சேர்ந்தது. கவிதையில் ‘மனிதன்’ என்று எழுதுவது எளிது. சட்டப் பிரிவில் அவனுக்கு ஓரிடம் தேடித் தருவதுதான் அரிது.

1971 மார்ச்சில் இராணுவத் தளபதிகள் ஒரு கடிதம் எழுதியே அரசைக் கவிழ்த்தனர். கட்சித் தலைவர் இஸ்மெத் இனோனு, அதாதுர்க்கின் தோழர், இரண்டாவது குடியரசுத் தலைவராக இருந்தவர், தளபதிகளோடு ஒத்துப்போக இசைந்தார். கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த எஜெவிட் இசையவில்லை, பதவியை விட்டார். 1972 மே மாதம் கட்சி மாநாடு கூடி முதியவரை விடுத்து இளையவரைத் தலைவராக்கியது. ஊர்ப்புறத்து மக்கள் அவருக்குக் ‘கராஓலான்’ என்று பெயர் சூட்டினர். ‘கறுத்த பையன்’ என்பது பொருள். நீலச் சட்டையும் தொப்பியுமாக ஊர் ஊராகச் சென்றார். 1973 தேர்தலில் கட்சிக்கு 185 இடங்கள் கிடைத்தன. 1974 சனவரியில், சமயச் சார்பான எர்பக்கான் கட்சியோடு கூட்டு மந்திரிசபை அமைத்துத் தலைமையமைச்சரானார்.

ஆறு மாதத்தில் சைப்ரசு தீப்பற்றியது. சைப்ரசு 1960-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற தீவு. மக்களில் ஐந்தில் நால்வர் கிரேக்கர். ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாகத் துருக்கியர். புதிய அரசியலமைப்பைக் காப்பதாகப் பிரிட்டன், கிரேக்கம், துருக்கி ஆகிய மூன்று நாடுகள் பிணை நின்றன. 1963 டிசம்பரில் கலகம் மூண்டது. துருக்கியச் சிறுபான்மையினர் பலர் ஊர்களை விட்டு ஒடுங்கிய பகுதிகளில் வாழலாயினர். 1974 ஜூலை 15 அன்று, ஏதென்சை ஆண்ட இராணுவக் குழுவின் தூண்டுதலால், குடியரசுத் தலைவர் மக்காரியோஸ் வீழ்த்தப்பட்டார். சாம்ப்சன் என்னும் தீவிரவாதி அந்த இடத்தில் அமர்த்தப்பட்டார். தீவைக் கிரேக்கத்தோடு இணைக்கும் முயற்சி இது என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

எஜெவிட் ஜூலை 17 அன்று இலண்டனுக்குப் பறந்தார். கவிதை எழுதிய அதே இலண்டன். பிணை நின்ற நாடு என்ற முறையில் சேர்ந்து தலையிடலாம் வாருங்கள் என்று பிரிட்டனை அழைத்தார். பிரிட்டன் வரவில்லை. அமெரிக்க வெளிநாட்டமைச்சராக இருந்தவர் பழைய ஹார்வர்டு ஆசிரியர் கிசிங்கர். அவரும் பொறுமை காக்கவே சொன்னார். ஜூலை 20 விடியலில் துருக்கியப் படை கிரேனியா அருகே கரையிறங்கியது. வான்குடைப் படை வானிலிருந்து இறங்கியது. போருக்காகப் போகவில்லை, அமைதிக்காகப் போகிறோம், துருக்கியருக்கு மட்டுமன்றிக் கிரேக்கருக்கும் அமைதி கொண்டுபோகிறோம் என்று எஜெவிட் வானொலியில் அறிவித்தார். மூன்று நாளில் ஏதென்சின் இராணுவ ஆட்சி சரிந்தது; சாம்ப்சனும் போனார். கிரேக்க நாட்டுக்கு மக்களாட்சி திரும்பியது. இத்தோடு நின்றிருந்தால் எஜெவிட்டைக் கிரேக்கரில் பலரே வாழ்த்தியிருப்பார்கள்.

நிற்கவில்லை. ஜெனிவாவில் பேச்சு நடந்தது. பேச்சு முறிந்தால் தலைநகருக்குத் தெரிவிப்பதற்கு ஒரு குறிச்சொல் வைத்திருந்தனர்: “ஐஷே விடுமுறைக்குப் போகலாம்.” ஐஷே என்பது வெளிநாட்டமைச்சர் துரான் குனேஷின் மகள் பெயர். தொலைபேசியில் அந்தச் சொல் வந்தது. ஆகஸ்டு 14 அன்று இரண்டாம் தாக்குதல் தொடங்கியது. இரண்டே நாளில் தீவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துருக்கியப் படையின் கையில் இருந்தது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்க சைப்ரசியர் வடக்கிலிருந்து வீடிழந்து தெற்கே சென்றனர். தெற்கிலிருந்த துருக்கியச் சைப்ரசியர் பல்லாயிரவர் வடக்கே சென்றனர். 1963 கலகத்திலும் 1974 போரிலும் காணாமற்போனவர் இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 2000 பேர். அவர்களுடைய எலும்புகளைத் தோண்டி அடையாளம் காணும் வேலை இந்த நூற்றாண்டிலும் நடந்துகொண்டிருக்கிறது. நிக்கோசியா நகரின் நடுவே இன்றும் பிரிவுக்கோடு கிடக்கிறது.

ஒரு பிள்ளையின் விடுமுறை என்கிற மென்மையான சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை பெரிய துயரம் தொடங்கியிருக்கிறது. குறிச்சொல்லைக் கேட்ட செவி கவிஞரின் செவி. அவர் என்ன நினைத்திருப்பார்?

படை அனுப்பும் துணிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, பகவத் கீதை தந்தது என்று எஜெவிட் கூறியதாக நம் நாட்டு ஏடுகளில் வந்திருக்கிறது. வடமொழி கற்றவர் அப்படிச் சொல்லியிருப்பதில் வியப்பில்லை. எதிரே நிற்பவர் உறவினராயிற்றே என்று வில்லை நழுவவிட்டவனுக்குச் சொல்லப்பட்ட நூல் அது. உடன்பிறப்பு என்று பாடிய பின் படை எடுப்பவர்க்கு அதைவிடப் பொருத்தமான துணை வேறு இல்லை. ஆனால் எனக்கு இது நிறைவளிக்கவில்லை. முதல் படையெடுப்புக்கு உடன்படிக்கையும் இருந்தது, உடனடி ஆபத்தும் இருந்தது. இரண்டாவதற்குச் சாம்ப்சனும் இல்லை, ஏதென்சின் இராணுவ ஆட்சியும் இல்லை. முதலாவதற்குச் சொல்லும் நியாயத்தையே இரண்டாவதற்கும் நீட்டுவது, ஒரு சோதனையின் முடிவை எடுத்து மற்றொரு சோதனையின் ஏட்டில் எழுதுவது போன்றது.

அதற்காகக் கவிதை பொய் என்று சொல்ல நான் முன்வரமாட்டேன். விடுதி உணவறையில் கன்னட நண்பனோடு சிரிப்பவனின் சிரிப்பு மெய்யானது. ஆனால் அவனே பின்னொரு நாள் ஊர் திரும்பி, ஆற்று நீரைப் பங்கிடும் நாற்காலியில் அமர்ந்து, வாசலில் பத்தாயிரம் உழவர் நிற்கும்போது, அந்தச் சிரிப்பு எங்கே இருக்கும்? எஜெவிட் 1976-இல் தம் கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டார். வெற்றித் தலைவராகிய பிறகும் அந்தப் பழைய கவிதையைத் தமதல்ல என்று தள்ளிவிடவில்லை. இதை நான் மதிக்கிறேன். ஆயினும், சைப்ரசுச் சிக்கல் 1974-இலேயே தீர்ந்துவிட்டது என்பதே பிற்காலத்திலும் அவர் நிலையாக இருந்தது. தீர்ந்தது என்று சொல்ல வீடிழந்தவர்களால் இயலுமா?

அடுத்த சில ஆண்டுகளை விரைந்து கடந்துவிடலாம். வெற்றியின் சூட்டோடு தேர்தல் வந்தால் பெரும்பான்மை கிட்டும் என்று கருதி, 1974 செப்டம்பரில் பதவி விலகினார். மற்றக் கட்சிகள் மூன்றாண்டுகள் தேர்தலே வரவிடவில்லை! 1977-இல் 41 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றும் 450-இல் 213 இடங்களே கிடைத்தன. மந்திரிசபை ஒரு மாதம் நிலைத்தது. 1978-இல் மீண்டும் தலைமையமைச்சர். தெருவெல்லாம் அரசியல் கொலைகள். அவ்வாண்டு டிசம்பரில் மராஷ் நகரில் அலெவி மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அன்றாடப் பொருள்கள் கடையில் அரிதாயின. 1979-இல் ஆட்சி போயிற்று.

1980 செப்டம்பர் 12 அன்று தளபதிகள் மீண்டும் வந்தனர். எஜெவிட்டைப் பிடித்துச் சில வாரம் காவலில் வைத்து விடுத்தனர். வாய் மூடவேண்டும் என்று ஆணையிட்டனர். அவரோ 1981-இல் ‘அராயிஷ்’ என்று ஒரு கிழமை இதழ் தொடங்கினார். ‘தேடல்’ என்பது பொருள். ஆட்சியைக் குறைகூறியதற்காக ஒரு முறைக்கு மேல் சிறைசென்றார். இதழும் மூடப்பட்டது. அரசியலில் அவருக்குத் தடை இருந்ததால், 1985-இல் மனைவி ரக்‌ஷான் புதிய கட்சியைத் தொடங்கித் தலைமை தாங்கினார். மாணவப் பருவத்துத் தோழி. 1946-இல் மணந்த துணைவி. கட்சியின் சின்னம் வெள்ளைப் புறா. 1987-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில், நூற்றுக்கு ஐம்பதைச் சிறிதே தாண்டிய வாக்கால் தடை நீங்கிற்று.

1999-இல், எழுபத்துமூன்றாம் வயதில், மீண்டும் தலைமையமைச்சரானார். வரலாறு அவருக்கு இரண்டாவது வாய்ப்பு ஒன்றைத் தந்தது போலும்! அவ்வாண்டு ஆகஸ்டு 17 அன்று இஸ்மித் வட்டாரத்தில் நிலம் நடுங்கியது. அரசுக் கணக்கிலேயே 17,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். முதலில் ஓடிவந்து இடிபாடுகளைத் தோண்டியவர்களில் கிரேக்கர் இருந்தனர். செப்டம்பர் 7 அன்று ஏதென்சில் நடுங்கியபோது துருக்கியர் அங்கே ஓடினர். அவருடைய வெளிநாட்டமைச்சர் இஸ்மாயில் ஜெம் கிரேக்க அமைச்சரோடு முன்பே தொடங்கியிருந்த பேச்சுக்கு மக்கள் மனமும் துணைநின்றது. டிசம்பரில் ஹெல்சின்கியில், ஐரோப்பிய ஒன்றியம் துருக்கியை உறுப்பினராகத் தகுதியுடைய நாடாக ஏற்றபோது கிரேக்கம் குறுக்கே நிற்கவில்லை. 1947-இல் எழுதிய கவிதைக்கு 52 ஆண்டு கழித்து நிலநடுக்கம் உரை எழுதியது.

2000-ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் அவர் நம் நாட்டுக்கு வந்தார். தில்லியில் வரவேற்ற பிரதமர் வாஜ்பாயியும் இந்திக் கவிஞர். இரு நாட்டு ஆட்சித் தலைவர்களும் கவிஞர்களாக இருந்து கைகுலுக்கிய காட்சி அடிக்கடி கிடைப்பதன்று. தாகூரின் விசுவபாரதி பல்கலைக்கழகம் எஜெவிட்டுக்குச் சிறப்புப் பட்டம் வழங்கியது. இலண்டனில் முடிக்காத படிப்புக்குச் சாந்திநிகேதனில் கிடைத்த பட்டம் என்று என் வங்காளத் தோழர் சொல்லிச் சிரிக்கிறார்.

அதே ஆண்டு டிசம்பரில் அவர் ஆட்சி செய்த ஒன்றையும் தோழரிடம் சொன்னேன். சிறைகளில் உண்ணாநோன்பு இருந்த கைதிகள்மீது இருபது சிறைகளில் ஒரே நேரத்தில் படையினர் புகுந்தனர். கைதிகளில் முப்பது பேரும் படைவீரர் இருவரும் மாண்டனர். அந்த நடவடிக்கைக்கு இட்ட பெயர் ‘வாழ்வுக்குத் திரும்புதல்’. தாமே சிறையிருந்த கவிஞரின் ஆட்சியில் இப்படியொரு பெயர்! தோழர் சிரிப்பதை நிறுத்தினார்.

2001 பிப்ரவரியில் குடியரசுத் தலைவரோடு நேர்ந்த ஒரு சச்சரவு பணச் சந்தையைக் கலக்கியது. துருக்கி நாணயம் சரிந்தது. சில வாரம் சென்று, கடைக்காரர் ஒருவர் தம் கல்லாப் பெட்டியைத் தூக்கிவந்து தலைமையமைச்சரின் எதிரே எறிந்தார். 2002-இல் நோய் வாட்டியது. தோழர் பலர் விலகினர். ஆயினும் அமைதிக் காலத்தில் தூக்குத் தண்டனையை நீக்கும் சட்டம் அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் ஆட்சியில்தான் நிறைவேறியது. நவம்பர்த் தேர்தலில், 1999-இல் 22 விழுக்காடு பெற்ற கட்சி, ஒன்றேகால் விழுக்காட்டையும் எட்டவில்லை.

2006 மே மாதம், கொலையுண்ட ஒரு நீதிபதியின் இறுதிச் சடங்குக்குச் சென்றுவந்த அன்று மூளையில் குருதி கசிந்து நினைவிழந்தார். நவம்பர் 5 அன்று உயிர் பிரிந்தது. அங்காராவின் அரசுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர். அங்கே மனைவியர்க்கு இடமளிக்கும் விதி அப்போது இல்லை. 2020 சனவரியில் ரக்‌ஷான் மறைந்தபோது, பாராளுமன்றம் கூடிச் சட்டத்தைத் திருத்தி அவரைக் கணவர் பக்கத்தில் கிடத்தியது.